அக்காவுக்காக மாட்டிய ஸ்வே பார்: டைமண்ட் ஹார்பர் வரை ஐம்பது கிலோமீட்டர்

சின்ன வயதில் ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களை லேக் கார்டன்ஸ் வீட்டிலிருந்து ஆற்றங்கரை ஊரான டைமண்ட் ஹார்பருக்குக் காரில் அழைத்துப் போவார். கங்கையில் சூரியன் மறைவதைக் காட்டவேண்டும் என்று அவருக்கு ஆசை. அக்காவுக்கோ கார் ஆகாது. வழியெல்லாம் வாந்தி எடுப்பாள். அப்பா நிறுத்தி நிறுத்திப் போய்ச் சேரும்போது இருட்டியிருக்கும். கரையில் நின்று வேர்க்கடலை கொறித்துவிட்டுத் திரும்புவோம். ஒரு வருடம் அக்கா வரமாட்டேன் என்றாள். அத்தோடு அந்தப் பயணமே நின்றது. இப்போது அப்பா இல்லை. எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள்மேல் இன்னும் ஏக்கம் போகவில்லை.

அதனால் போன ஜனவரியில் அக்காவைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தேன். என்னுடையது சின்ன டர்போ ஹாட்ச்பேக். எனக்குக் கொஞ்சம் கார்ப் பைத்தியம் உண்டு (‘கொஞ்சம்’ என்பதை வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்). வளைவில் வண்டி சாய்வதால்தான் அவளுக்குக் குமட்டுகிறது என்று நானே முடிவு கட்டி, பின்பக்கம் தடித்த ஸ்வே பார் மாட்டினேன். இடது வலது சக்கரங்களை இணைத்து, வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி அது. அதன் இரு நுனிகளிலும் இரண்டிரண்டு துளைகள். உள்துளையில் மாட்டினால் இறுக்கம், வெளித்துளையில் இளக்கம். நான் எதில் மாட்டியிருப்பேன் என்று சொல்லவும் வேண்டுமா?

மதியம் இரண்டரைக்குக் கிளம்பினோம். சாலை பெரும்பாலும் நேர்ச்சாலை, வளைவே அபூர்வம். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் இறுகிய கம்பி மறுபக்கத்தையும் சேர்த்து உலுக்கியது. பாதி வழியில், ஆம்தலா என்ற ஊர் வருவதற்குள் அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

“நிறுத்துடா. நான் லோக்கல் டிரெயின்ல வீட்டுக்குப் போறேன்.”

“வண்டி சாயக்கூடாதுன்னுதானேக்கா இதெல்லாம் பண்ணேன்.”

“சாய்ஞ்சா எனக்கென்னடா? அப்பா வண்டி தொட்டில் மாதிரி சாயும், அது எனக்குப் பிடிக்கும். அப்பவும் குண்டும் குழியுமான ரோட்டுல குலுங்கினதுதான் ஆகல, இப்பவும் இந்தக் குலுக்கல்தான்.”

இணையத்தில் ஊர்ப்பட்ட பேரிடம் யோசனை கேட்டவன், அவளிடம் கேட்டிருக்கவில்லை. ஒரு டயர் கடையில் வண்டியைத் தூக்கி, இரண்டு பக்கமும் வெளித்துளைக்கு மாற்றினேன். அரை மணி ஆனது. அக்கா மண்குவளையில் டீ குடித்துவிட்டு, “சரி, ஓட்டு பாக்கலாம்” என்று ஏறினாள். அதன்பிறகு ஒரு தடவைகூட நிறுத்தச் சொல்லவில்லை.

நீங்களும் ஸ்வே பார் மாற்றுவதாக இருந்தால், இளக்கத்தில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் இறுக்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே துளை என்பது முக்கியம். பின் இருக்கையில் உட்காருபவரையும் கேளுங்கள். ஜனவரியில் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், ஆகவே ஒன்றரைக்கே கிளம்பிவிடுங்கள். நெரிசலில் ஊர்ந்து நாங்கள் சேர்ந்தபோது இருட்டிவிட்டது.

“அப்பா ஒரு தடவகூட பாக்கலடா,” என்றாள் அக்கா. “எல்லாம் என்னாலதான். நான் இல்லேன்னாலாவது பாத்துடுவார்னுதான் வரலன்னேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடமாக அவளிடம் சொல்லத் தோன்றாத ஒன்றை அங்கேதான் சொன்னேன்.

“அந்த வருஷம் நானும் அப்பாவும் மட்டும் போலாம்னு கேட்டேன்க்கா. ‘அவ இல்லாம அங்க என்னடா இருக்கு’ன்னுட்டார்.”

அக்கா இருண்ட ஆற்றைப் பார்த்தபடி ரொம்ப நேரம் அழுதாள்.