தண்டவாளத்தில் நின்ற அம்மா

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனி வாசலில் டீக்கடைக்காரர் தண்டவாளத்துக்கு அடியில் போடும் பழைய ரயில் கட்டையைப் பெஞ்சாகப் போட்டிருக்கிறார். வெயில் ஏறினால் அதிலிருந்து கிளம்பும் தார் வாசனை, வாலாஜாபாத் அருகே தண்டவாள வேலைக்கு வந்தவர்கள் அதே மாதிரிக் கட்டைகளை நட்டு வீடு கட்டி உண்டாக்கிய, இன்று இல்லாத எங்கள் ஊருக்கே என்னைக் கொண்டுபோய்விடும்.

அங்கே ரயில் நிற்காது. தொண்ணூற்றொன்றாம் வருஷத்து மழையில் ஊருக்கு வரும் சாலை மூழ்கிக் கிடக்க, பக்கத்து வீட்டு செல்வி அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்தபோது, அம்மா தண்டவாளத்தின் நடுவில் போய் நின்றாள்.

வண்டியை நிறுத்திய டிரைவர், "இன்னாம்மா, சாவணுமா?" என்று கத்தினார்.

"இல்ல சார், ஒரு உசுரு பொறக்கணும்."

அக்காவைச் சுமந்த கட்டிலை வண்டியில் ஏற்ற அவரே இறங்கிவந்து தோள் கொடுத்தார். அதன்பிறகு எங்கள் ஊர் வந்தால் வண்டியை மெதுவாக்கி, "புள்ள எப்டி கீது?" என்று கேட்காமல் அவர் போனதில்லை.