நூறு மடங்கு கனத்த மேகம்

எங்கள் ஆய்வகத்துக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. வாயிலில் வரிசையாக இரும்புப் பெட்டிகள் இருக்கும். காலையில் அதில் போட்டுப் பூட்டிவிட்டு உள்ளே போனால், மாலையில் வெளியே வரும்போதுதான் எடுப்போம். இத்தனை வருட வேலையில் இதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை. யாரும் கூப்பிட முடியாது என்பதை ஒரு ஓய்வாகக்கூட எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது மாலைவரை அந்தப் பெட்டியைத் திறக்காமல் இருக்க முடிவதில்லை.

என் வேலை தூசியை நிறுப்பது. கடற்கரை நெடுகிலும் சில இடங்களில் காற்றை உறிஞ்சும் கருவிகள் வைத்திருக்கிறோம். அதில் ஒரு வடிதாளைப் பொருத்தி, பிறகு எடுத்து வந்து நிறுக்க வேண்டும். வெறும் தாளின் எடையை முன்பே எடுத்து வைத்திருப்போம். அதைக் கழித்தால் மிச்சம் தூசி. இந்தக் கடற்கரையில் அதுவும் பெரும்பாலும் உப்புதான்.

மகளுக்கும் தூசிதான் வேலை. அவளுடையது விண்மீன்களுக்கு நடுவே கிடப்பது. சென்னையில் ஆராய்ச்சி மாணவி. தீசிஸ் எழுதுவதற்காக விடுதியைக் காலி செய்துவிட்டு எங்கள் குடியிருப்புக்கே வந்துவிட்டாள். வந்த முதல் வாரம், அவள் அறையைப் பெருக்கப் போன என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா, உன் தூசிய நீ பாத்துக்கோ, என் தூசிய நான் பாத்துக்கிறேன்."

"என் தூசி துடைச்சா போயிடும்டி. உன்னுது?"

"என்னுதுல இருந்து சூரியன் வரும். உன்னுதுல தும்மல்தான் வரும்."

அவளுடைய அப்பா இதைக் கேட்டு இரண்டு நாள் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்து மின் நிலையத்தில் ஷிப்டு வேலை. அவருடைய கைப்பேசியும் பகலெல்லாம் ஒரு பெட்டிக்குள்தான்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு மேகம். ஒன்றே ஒன்று. ஐந்து வருடமாக அதே மேகம். வானத்தில் வெறும் கண்ணுக்கு அது தெரியாது. தொலைநோக்கியில் பார்த்தால், பின்னால் இருக்கும் விண்மீன்களை மறைத்துக்கொண்டு ஒரு கறுப்புத் திட்டாகக் கிடக்கும். அதில் பெரும்பகுதி ஹைட்ரஜன் வாயு. ஆனால் அவ்வளவு குளிரில் ஹைட்ரஜன் எந்த ஒளியும் தராதாம். அதனால் அதை நேராக நிறுக்க முடியாது. கூட இருக்கும் தூசி மட்டும் லேசாக ஒளிரும், கண்ணுக்குப் புலப்படாத அலைகளில். அந்த ஒளியை வைத்துத் தூசியின் எடையைக் கண்டுபிடித்து, நூறால் பெருக்குவார்கள். ஒரு பங்கு தூசிக்கு ஏறக்குறைய நூறு பங்கு வாயு என்பது கணக்கு. இன்னொரு வழியும் உண்டு. வாயுவோடு கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கும், அது ரேடியோ தொலைநோக்கியில் தெரியும். அதிலிருந்தும் எடை போடலாம். இரண்டு எடையும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும்.

இவளுடைய மேகத்தில் ஒத்துப்போகவில்லை. தூசி காட்டிய எடை மிக அதிகம். வாயு காட்டியது மிகக் குறைவு. அதற்கு இவள் ஒரு காரணம் சொன்னாள். கடுங்குளிரில் அந்தக் கார்பன் மோனாக்சைடு தூசியின்மேல் பனியாக ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய பிறகு ரேடியோவில் தெரியாது. மற்ற மேகங்களிலும் இது நடப்பதுதான். ஆனால் ஒரு மேகம் முழுக்க இவ்வளவு உறைந்து போயிருப்பதை யாரும் பார்த்ததில்லை. அது எப்படி உறைந்தது, எவ்வளவு குளிர் வேண்டும், எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று கணினியில் மாடல் செய்தாள். கவிழ்த்துப் போட்ட எவர்சில்வர் தட்டின்மேல் மடிக்கணினியை வைத்திருப்பாள், சூடு இறங்க. பகலெல்லாம் அது இரைந்துகொண்டிருக்கும். கட்டுரை வெளிவந்தது. வெளிநாட்டிலிருந்து பேசக் கூப்பிட்டார்கள். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வேலையும் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. தீசிஸ் முடிந்தால் போதும்.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. மாலையில் வாயிலுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். கைப்பேசியில் அவளுடைய செய்தி இருந்தது. காலையில், நான் உள்ளே போன சற்று நேரத்திலேயே அனுப்பியிருக்கிறாள்.

"அம்மா எல்லாம் தப்பு. அஞ்சு வருஷமும் தப்பு. கொஞ்ச நேரம் என்னைத் தேடாதே."

கூப்பிட்டேன். அணைத்து வைத்திருந்தாள். அந்தச் செய்தி ஒரு பகல் முழுவதும் இரும்புப் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. நான் உள்ளே உட்கார்ந்து உப்பை நிறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. அவளுடைய ஸ்கூட்டியைக் காணோம். வழக்கம்போல் துளசித் தொட்டிக்கு அடியில் சாவி. அறையில் கணினி மூடிக் கிடந்தது. இரைச்சல் இல்லை. அது இல்லாத அறையில் என்னால் நிற்க முடியவில்லை. கதவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி தெருவுக்கு வந்தேன். அவளுடைய அப்பாவுக்கு அன்று இரண்டாவது ஷிப்டு. உள்ளே இருக்கும் தொலைபேசிக்குக் கூப்பிட்டிருக்கலாம். என்னவென்று சொல்வது? வாயில் அந்தச் சொல்லை எடுக்கப் பயம். குடியிருப்பு வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறி, மாமல்லபுரம் போகச் சொன்னேன். ஏன் அங்கே என்றால், கடல். நான் வேறு எதையும் நினைக்கவில்லை.

"இன்னா மேடம், பஸ்ஸு போயிடுச்சா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"பொண்ணத் தேடணும்."

அவர் பாட்டை நிறுத்தினார்.

கரையில் கோயிலைப் பார்க்க வந்த கூட்டம் திரும்பிக்கொண்டிருந்தது. ஐஸ்கிரீம், குதிரை, பலூன். அவர்களுக்கு நடுவே நான் அவளுடைய படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு நடந்தேன். யாரிடமும் காட்டிக் கேட்க வாய் வரவில்லை. ஓட்டுநர்தான் வாங்கிக்கொண்டு, படகுகளுக்குப் பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் போனார்.

"அண்ணாத்த, இந்தப் பொண்ணப் பாத்தியா?"

அவர் ஊசியைக் கீழே வைக்காமலே பார்த்தார். "அட, இதுவா! காலீல வந்துச்சே. வலை மேல ஏறி நின்னுகினு கடலப் பாத்துகினு இருந்துச்சு. ரொம்ப நேரம். நாந்தான் கத்துனேன், இன்னாம்மா, காலுக்குக் கீழ வலை கீது தெரியலியான்னு."

"அப்புறம்?" என்றேன் நான்.

"அப்புறம் இன்னா. சாரின்னுச்சு, எறங்கிடுச்சு."

"எந்தப் பக்கம் போனா?"

"ரோட்டுப் பக்கந்தான்." என் முகத்தைப் பார்த்தவர் அப்போதுதான் ஊசியை வைத்தார். "தண்ணிப் பக்கம் போனா வுட்டுடுவனாம்மா? ஸ்கூட்டி எட்த்துகினு போனத நானே பாத்தேன். போ, வூட்டுக்குப் போ."

போகவில்லை. வயசுப் பிள்ளைகள் கோவளம், முட்டுக்காடு பக்கம்தான் போவார்கள் என்று ஓட்டுநர் சொன்னார். வண்டி வடக்கே போனது. சாலையில் எதிரே வந்த ஒவ்வொரு ஸ்கூட்டியையும் பார்த்தேன். எல்லாப் பெண்களும் துப்பட்டாவால் முகத்தைக் கட்டியிருந்தார்கள். கோவளம் திரும்பும் இடத்தில் கைப்பேசி அடித்தது.

"அம்மா, எங்க இருக்க? சாவி எங்க? அரை மணி நேரமா வாசப்படில உக்காந்திருக்கேன்."

"அங்கயே இரு, வரேன்" என்றேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, கேட்காமலே வண்டியைத் திருப்பினார்.

வீட்டில் அவள் நிஜமாகவே படியில் உட்கார்ந்திருந்தாள். கால் விரல்களுக்கு நடுவே மணல் காய்ந்திருந்தது. அறையலாம் என்று வழியெல்லாம் நினைத்திருந்தேன். கதவைத் திறந்து தோசை ஊற்றினேன். இரண்டாவது தோசையில்தான் பேசினாள்.

தீசிஸின் கடைசிப் பகுதிக்காக அவளுடைய கைடு ஒரு சின்ன வேலை சொல்லியிருந்தார். வேறொரு தூசி அட்டவணையை வைத்தும் எடையைப் போட்டு, பக்கத்தில் சேர்த்துவிடு என்று. சம்பிரதாயத்துக்குத்தான். ஒரு கிராம் எவ்வளவு ஒளிரும் என்று சொல்வதுதான் இந்த அட்டவணைகளின் வேலை. புதியதைப் போட்டு ஓட்டினாள். மேகத்தின் எடை நூறில் ஒரு பங்காக விழுந்தது. வாயு காட்டிய எடையோடு அப்படியே பொருந்தியது.

"பழைய டேபிள்ல கிராம்னு போட்டிருந்தது வெறும் தூசி இல்லம்மா. தூசியும் வாயுவும் சேர்ந்த கிராம். நூறு உள்ளேயே இருக்கு. நான் அது தெரியாம மறுபடி நூறால பெருக்கியிருக்கேன். முதல் வருஷத்துல. அதுக்கு மேலதான் எல்லாத்தையும் கட்டினேன்."

"அப்போ பனி?"

"பனியே இல்ல. எதுவும் உறையல. எதுவும் காணாமலும் போகல. எல்லாம் அதது இடத்துலதான் இருந்திருக்கு."

எனக்கு உடனே புரிந்தது. எங்கள் ஆய்வகத்தில் புதிதாக வருகிறவர்கள் செய்வதுதான். தராசு ஏற்கெனவே தாளின் எடையைக் கழித்துக் காட்டும்போது, இவர்கள் கையால் இன்னொரு முறை கழிப்பார்கள். தூசியின் எடை பூஜ்யத்துக்கும் கீழே போகும். பூஜ்யத்துக்குக் கீழே எடை கிடையாது என்பதால் உடனே அகப்பட்டுக்கொள்வார்கள். இவளுடைய எண் மேலே போனது. மேலே போன எண்ணுக்கு ஒரு நல்ல காரணமும் தயாராக இருந்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"எனக்கு மட்டும்தான். இப்போ உனக்கும்."

அப்போது நான் சொன்னேன்: "அப்படின்னா விட்டுடேன். அந்தப் புது டேபிளச் சேர்க்க வேணாம். தீசிஸ் முடியட்டும். அப்புறம் மெதுவா…"

அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். கோபம் இல்லை. ஆச்சரியமாகத்தான் பார்த்தாள். ஒரு வடிதாள் ஈரம் பட்டுவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்துக்குப் போய் மறுபடி நிறுத்துவிட்டு வந்தவள் நான்.

"நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன். எனக்கு மேகம் எப்படிப் போனாலும் சரி. நீ வேணும்."

அவள் தட்டில் சட்னியை விரலால் இழுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள், "கடல்கிட்ட நின்னப்போ உள்ள போகணும்னு தோணலம்மா. ஆனா திரும்பிப் போகணும்னும் தோணல. அந்த ஆள் கத்தினாரு, வலை மேல நிக்கிறேன்னு. அவர் வலையாச்சே, அதனால எறங்கினேன். எறங்கினப்புறம் எங்கயாவது போகணும் இல்ல? செங்கல்பட்டுக்குப் போய் ஏரிக்கரையில உக்காந்துட்டு வந்தேன்."

இந்த வாக்கியத்தை நான் இன்னும் முழுதாகத் தாண்டி வரவில்லை. சமையல் செய்யும்போது, கழிவறையில், ஆய்வகத்தில் தராசின் எண் நிற்பதற்காகக் காத்திருக்கும்போது, திரும்பிப் போகணும்னும் தோணல என்பது காதில் கேட்கும். உடம்பு முழுக்க ஒரு அசதி. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி.

மறுநாள் காலை அவள் கைடைக் கூப்பிட்டாள். நான் விடுப்பு எடுத்திருந்தேன். பால்கனியில் நின்று பேசினாள். உள்ளே காய் நறுக்குவதுபோல் நான் ஒரே கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தேன். "ஆமா சார். இல்ல சார், என் தப்புதான். செக் பண்ணிட்டேன் சார், மூணு தடவை." நான் பால்கனிக் கதவுவரை போய்விட்டேன். அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தாள். எங்கள் வீடு இரண்டாவது மாடி.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன், பேசி முடித்ததும்.

"ஒண்ணுமே சொல்லல முதல்ல. போன் கட் ஆயிடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம் சொன்னார், அந்தப் பேப்பர்ல என் பேரும் இருக்கும்மா, நானும்தான் பார்க்கல, திருத்தம் ரெண்டு பேரும் சேர்ந்து அனுப்புவோம்னு." கைப்பேசியை என்னிடம் நீட்டினாள், வேண்டாத பொருளைக் கொடுப்பதுபோல். "வெளிநாட்டுல அந்த வேலை இனி கிடைக்காது. அதையும் அவரே சொல்லிட்டார்."

அவர் சொன்னபடியே ஆனது. அந்தப் பல்கலைக்கழகம் மரியாதையாக, தீசிஸ் முடிந்தபின் மறுபடி விண்ணப்பிக்கும்படி எழுதியது. இரண்டு பகுதிகளைத் தூக்கிவிட்டு அவள் மீண்டும் முதலிலிருந்து மாடல் செய்கிறாள். தட்டின்மேல் கணினி இரைகிறது. இந்தத் தடவை என்ன வருகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"சாதாரண மேகம்மா. நிறைய இருக்கு இந்த மாதிரி."

"இருக்கட்டும்" என்றேன்.

அவள் டாக்டரிடம் போக ஒப்புக்கொண்டாள். மாதம் இரண்டு தடவை செங்கல்பட்டுக்குப் போகிறோம். அவள் உள்ளே பேசும்போது நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். அவளுடைய அப்பா இப்போதெல்லாம் ஷிப்டு முடிந்து வந்ததும் கைகால் கழுவாமலே அவள் அறை வாசலில் நின்று, "என்னம்மா, ஓடுதா?" என்று கேட்கிறார். ஓடுதுப்பா என்பாள். அது கணினியைப் பற்றிய கேள்வி என்று இருவரும் வைத்துக்கொள்கிறார்கள்.

நான் டப்பா சாப்பாட்டை ஆய்வகத்துக்குள் தின்பதை விட்டுவிட்டேன். மதியம் வெயிலில் வாயில்வரை நடந்து வந்து பெட்டியைத் திறக்கிறேன். தினமும் மதியத்துக்குள் ஏதாவது அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். "என்ன அனுப்பறது?" என்று சலித்துக்கொண்டாள். எது வேண்டுமானாலும் என்றேன். ஒருநாள் தட்டின் படம் வரும். ஒருநாள் வெறும் புள்ளி. போன செவ்வாய்க்கிழமை ஒன்றும் இல்லை. மின்சாரம் போய்ச் சார்ஜ் இறங்கிவிட்டது என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அன்று வாயிற்காவலர் எனக்கு நாற்காலி எடுத்துப் போட வேண்டியிருந்தது.

இன்று வந்தது: "ரன் இன்னும் முடியல. சாப்டேன். நீ சாப்டியா?"

சாப்பிடவில்லை. பெட்டியைப் பூட்டிவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன்.