செபஸ்தியான் வீட்டு டியூப்லைட்

ராத்திரி வேலையான சி ஷிஃப்ட் முடிந்து, சட்டையெல்லாம் சாம்பலோடு பஸ்ஸுக்கு நின்றபோது செய்தி வந்தது. "செபஸ்தியான் போயிட்டாருங்க." மஞ்சள்காமாலையில் படுத்திருந்தார், எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்திருந்தேன். அழவும் தெம்பில்லாமல் அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனேன்.

அனல்மின்நிலையத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் வீட்டுக் கண்ணாடித் தொட்டி நினைவிருக்கும். அவர் மனைவி மேரி கடற்கரையில் பிறந்தவர். இந்தச் செம்மண் ஊரின் முதல் கோடையிலேயே துவண்டுபோனார். "கடல் இல்லாத ஊர்ல மூச்சு முட்டுது. எங்க அம்மா வூட்டுக்கே போயிடுறேன்" என்றார். மனைவியை அனுப்பவும் மனமில்லை, வேலையை விடவும் வழியில்லை. செபஸ்தியான் கடலையே கொஞ்சம் கொண்டுவந்தார். கடலூர் பஸ்ஸில் டின் டின்னாகக் கடல்நீர். "என்னா சார், உப்பளம் போடப் போறீங்களா?" என்று கண்டக்டர் கேட்பாராம். கூடவே கல்லில் ஒட்டிய ஒரு கடல்பூ வந்தது. பூவல்ல, உயிர், வெளிச்சம் பட்டால் விரல் விரலாக விரியும்.

அந்த வெளிச்சத்துக்குத்தான் பாடாய்ப் பட்டார். தொட்டியை ஜன்னலோரம் வைத்தார், கண்ணாடி பாசி பிடித்துப் பச்சையானது. நூறு வாட்ஸ் பல்பு மாட்டினார்; தண்ணீர் சூடாகிக் கடல்பூ சுருண்டது. "ஊருக்கெல்லாம் கரண்டு அனுப்புறோம், இதுக்கு ஒரு வெளக்கு வெக்கத் தெரியலியே" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். கடைசியில் டியூப்லைட் வாங்கினார். சூடில்லாத வெளிச்சம். சில நாள் விரிந்தது, பிறகு மறுபடி கூம்பிவிட்டது. "இதுவே இங்க பொழைக்கல, நான் எங்க பொழைக்கிறது" என்று மேரி தகரப்பெட்டியை எடுத்து வைத்தார்.

அன்று நானும் அங்கிருந்தேன். துணி மடித்துக்கொண்டே மேரி சொன்னார்: "நீங்க முழிச்சிகினு இருந்தா வெளக்கு எரியுது, தூங்குனா அணையுது. ஒரு வாரம் காலையில, ஒரு வாரம் ராத்திரில. உங்களுக்கு ஷிஃப்ட் போட்டது பத்தாதா, அதுக்குமா? எது பகல்னு அதுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியல."

சமையல், சாப்பாடு, பிள்ளைகளின் வாயைப் பொத்துவது எல்லாமே செபஸ்தியானின் ஷிஃப்ட்டைப் பார்த்துத்தான் அந்த வீட்டில் நடந்தன. அவர் சொன்னார்: "வூட்டுக்கு ஷிஃப்ட் கெடையாது மேரி. இனிமே சுவிட்சு உன் கையில."

காலை ஆறுக்குப் போட்டு மாலை ஆறுக்கு அணைத்தார் மேரி. வீடும் நேரத்துக்குச் சாப்பிட்டது. செபஸ்தியான் ஆறிய சோற்றைத் தின்றார். சி ஷிஃப்ட் வாரங்களில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளின் சத்தத்திலேயே தூங்கினார். கடல்பூ விரிந்தது. பெட்டி பரணுக்குப் போனது.

செய்தி வந்த அன்று மாலை அவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியபோது, பெண்கள் நடுவிலிருந்து மேரி தலைநிமிர்ந்தார். "அண்ணே, ஆறாயிடுச்சி. லைட்ட அணைச்சிடுங்க." அணைத்தேன்.

மேரிக்குக் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டி வந்தது. கடல்பூவைக் கல்லோடு கடலில் விட்டுவிட்டதாகச் சொல்லியனுப்பினார். டியூப்லைட்டை எனக்குக் கொடுத்திருந்தார். எங்கள் கூடத்தில் எரிகிறது.

இந்த வாரம் எனக்கு சி ஷிஃப்ட். உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கிறது. பிள்ளைகள் பக்கத்திலேயே கத்திக்கொண்டு விளையாடுகிறார்கள். நான் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்.