ஒரு புள்ளி மட்டும் கரைந்த கோலம்

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வருவது மழைக்காலத்தில் அல்ல. வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும் மார்கழியில், பௌர்ணமியை ஒட்டிய காலைகளில், காயல் பொங்கி ஓடை வழியாக ஏறிவரும். நான் வாசலில் போட்ட கோலம் முதலில் கரையும். பிறகு அடுப்படிவரை உப்புத் தண்ணீர்தான். வருடத்துக்கு வருடம் மட்டம் கூடிக்கொண்டே போனது.

"இந்த மார்கழியும் உள்ள வந்துச்சுன்னா, களமசேரிக்கு அண்ணன் வீட்டுப் பக்கமே போயிடலாம்" என்று கணவர் முடிவாகச் சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மீன் விற்கும் தெருக்கள் இங்கே இருக்கின்றன. அங்கே போய்த் தொழிற்சாலைச் சுவரிடமா கூவி விற்பது?

ஆத்திரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் வேலை பார்ப்பது இறால் பண்ணையில். தண்ணீர் ஏறும்போது மதகுப் பலகைகளைத் தூக்கி இறால்குஞ்சை உள்ளே விடுவார், பிறகு மூடிவிடுவார். அடுத்தவர் பண்ணையில் கடலையே அடக்கும் மனிதர், சொந்த வீட்டில் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார்!

"அதே பலகைய நம்ம ஓடை வாயில வச்சா என்ன?" என்று கேட்டேன். அவர் எழுந்துபோய் ஓடை வாயின் அகலத்தை முழம் போட்டு அளந்தார்.

கவுன்சிலரிடம் சொல்லிவிட்டு, சந்திலிருக்கும் ஆறு வீட்டாரும் இறங்கினோம். படகுத்துறையில் கிடந்த பழைய பலகைகள், இடையே அப்பக் களிமண். இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் மதகு நின்றது.

பௌர்ணமி விடிந்தது. வீம்புக்கென்றே பெரிய கோலமாகப் போட்டேன். நிமிர்ந்தால், தண்ணீர் வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறது! ஓடினேன். மதகில் என் கணவர் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன பண்றீங்க?"

"பண்ணையில தண்ணி ஏறினாத் தூக்கணும்ல... கை தானாப் போயிடுச்சு."

"நாம என்ன இறாலா வளக்குறோம்? மூடுங்க!"

பலகை விழுந்தது. பக்கத்து வீட்டுச் சேச்சி களிமண்ணை அள்ளி அப்பினாள். உள்ளே வந்த தண்ணீர் கோலத்தின் ஓரப் புள்ளியை மட்டும் கரைத்துவிட்டு நின்றது. வெளியே காயல் பலகையின் விளிம்புவரை முட்டிக்கொண்டிருந்தது.

"வெள்ளம் கேறியில்லா!" என்று சேச்சி கத்தினாள். "தண்ணி ஏறல!" என்று நானும் சேர்ந்து கத்தினேன். அப்படியொரு சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூட நான் அறிந்ததில்லை.

பத்து மணிவாக்கில் தண்ணீர் இறங்கியது. பலகையில் கை வைத்த கணவர், தூக்காமல் என்னைப் பார்த்தார்.

"இப்பத் தூக்கலாமா?"

"தூக்குங்க, உள்ள வந்தது வடியட்டும். தூக்கிட்டுச் சாயா குடிக்க வாங்க, கோலத்த மிதிக்காம. நாம எங்கேயும் போகல."