அமாவாசைப் பாடமும் என் ஆட்டோ புகையும்

எங்கள் தெருவில் தறிச் சத்தம் ஓய்வது அமாவாசையன்றுதான். அன்றைக்கு நெசவுக்கு லீவு. மற்ற வீடுகளில் காக்கைக்குச் சோறு வைப்பார்கள். எங்கள் வீட்டில் மருமகள் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு போனில் தத்துவப் பாடம் பதிவு செய்வாள்.

நான் ஐயம்பேட்டைப் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். சின்ன வயதில் சாப்பாட்டு மணி அடித்ததும் என் படிப்பு முடிந்துவிடும். மருமகளோ எம்.ஏ. தத்துவம். இடுப்பில் குழந்தை, காதில் இயர்போன்; வெளிநாட்டுப் பேராசிரியர்களின் வகுப்புகளை இணையத்தில் கேட்டே பாதிப் படிப்பை முடித்தாள். ஒருநாள் நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு தாடிக்காரர் ஒரு மணி நேரம் டீகூடக் குடிக்காமல் பேசினார். எனக்குத் தாடி மட்டும் நன்றாகப் புரிந்தது.

"எல்லாம் இங்கிலீஷ்லயே இருக்குது மாமா. நம்ம ஊர்ப் புள்ளைங்க எம்.ஏ. சேந்தா இன்னா பண்ணும்?" என்பாள்.

அதனால் தமிழில் பாடம் நடத்தி இணையத்தில் இலவசமாகப் போட்டாள். அதைக் கேட்டுவிட்டு ஒரு கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். மாதிரிப் பாடம் ஒன்று அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் ஆன்லைன் வகுப்பு அவளுக்கு. அனுப்பக் கடைசி நாள், அந்த அமாவாசை.

தூங்கும் பேத்தியை என் மடியில் போட்டாள். "மாமா, தயவு செஞ்சு வாயத் தொறக்காதீங்க."

என் வாய்க்கு பிரேக் கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.

கண்ணால் பார்க்காததை எப்படித் தெரிந்துகொள்கிறோம் என்பதுதான் பாடம். மலைமேல் புகை தெரிந்தால் அங்கே தீ இருக்கிறது. காலங்காலமாகத் தத்துவக்காரர்கள் சொல்லும் உதாரணமாம். நான் அடக்கித்தான் பார்த்தேன்.

"ஏம்மா, என் ஆட்டோ பின்னாடியும்தான் புகை வந்துக்கினே இருக்குது. தீ எங்க?"

அவள் முறைத்தாள். ஆனால் போனை நிறுத்தவில்லை. "இஞ்சினுக்குள்ள டீசல் இன்னா மாமா பண்ணுது?"

"எரியுது."

"அப்போ?"

இத்தனை வருஷமாகத் தீ மேல் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன்! விட மனசில்லை. "காலைல ஏரி மேலயும் புகையாட்டம் வருதே?"

"அது பனி. பாத்தது புகைதானான்னு மொதல்ல கேக்கணும். அடுத்து சொல்ல வந்ததே அதான்!"

நான் சிரித்த சிரிப்பில் பேத்தி விழித்து அலறினாள். பொழுது சாயும்வரை அடங்கவில்லை. மறுபடி பதிவு செய்ய நேரமில்லை.

"என்னை வெட்டி எடுத்துடும்மா. எதோ லூசு கத்துதுன்னு நெனைப்பாங்க" என்று கெஞ்சினேன்.

முழுசாகக் கேட்டுப் பார்த்தாள். "நெனைச்சா நெனைக்கட்டும். நீங்க கேட்ட பொறவுதான் மாமா நான் எழுதினதப் பாத்துப் படிக்கிறாப்பல இல்லாம பேசியிருக்கிறேன்." அப்படியே அனுப்பிவிட்டாள்.

பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. மருமகள் வேலையை வாயால் கெடுத்த மாமனார் என்று ஊர் சொல்லுமே! ஒரு வழியாகப் போன் வந்தது. வகுப்பு அவளுக்குத்தான். "அந்த மாணவர் யார்?" என்று கேட்டார்களாம். "எங்க மாமனார்" என்றாளாம்.

அன்று முதல் ஆட்டோவில் ஏறும் ஒருவரையும் விடுவதில்லை. "எங்க மருமவ காலேஜ் புள்ளைங்களுக்குத் தத்துவம் நடத்துது, தெரியுமா?"

"அது இருக்கட்டும்பா. புகை கண்ணக் கரிக்குது, வண்டிய மொதல்ல பாரு" என்றார் ஒருவர்.

"யோவ், இந்தப் புகைக்கு பதில் சொல்லித்தான்யா எங்க புள்ளைக்கு வேலையே கெடைச்சுது!"