தலைவலித் தெரு

எங்கள் தெருவைப் போலத் தலைவலி பிடித்த தெரு மதுரைச் சீமையிலேயே இருந்திருக்காது. வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரி வேன் சாவடிக்கு முன்னால் வந்து நிற்கும். வேனுக்குள் திரை போட்டு நர்ஸம்மா உட்கார்ந்திருப்பார். உள்ளே போய் வெளியே வருகிறவர்களிடம் என்னவென்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான். "சும்மா, தலைவலி."

நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் எனக்கு நெஞ்சில் கோளாறு. சின்ன வயதில் காய்ச்சலும் முட்டி வீக்கமுமாகக் கிடந்தேன், அது இதயத்தைத் தொட்டுவிட்டது. மாதம் தவறாமல் ஊசி போட வேண்டும், விட்டால் மறுபடி காய்ச்சல் வந்து இதயம் இன்னும் கெட்டுப்போகும் என்று டாக்டர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். டவுனுக்குப் போய்ப் போட்டு வருவதென்றால் அம்மாவுக்கும் எனக்கும் ஒருநாள் கூலி போய்விடும். பஸ்ஸுக்கு வேறு வேண்டும். மாதாமாதம் அது எங்களால் முடியாத காரியம்.

வேனில் ஊசிக்குக் காசு கிடையாது. அதற்குப் பதில் அறுவடை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு வீட்டுக்கு ஒரு மரக்கால் சோளம் அளக்க வேண்டும். நோய் வந்த வீடு, வராத வீடு எல்லாம் ஒன்றுதான். தெருவில் முக்கால்வாசி வீடுகளாவது அளக்காவிட்டால் அந்த வருசம் வேன் வராது.

எனக்கு அப்போது பக்கத்து ஊரான எழுமலையில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். நெஞ்சுக் கோளாறு உள்ள பெண்ணை யார் கட்டுவார்கள்? அதனால்தான் எனக்குத் தலைவலி. எதிர்வீட்டு அத்தையின் மகனுக்கு வலிப்பு. நர்ஸம்மா அவனுக்கு மாத்திரை கொடுத்துச் சாப்பிடும் விதம் சொன்னது திரைக்கு இந்தப் பக்கம் நின்ற என் காதில் விழுந்திருக்கிறது. வெளியே வந்ததும் அவனுக்கும் தலைவலிதான்.

அந்த வருசம் மழை ஏமாற்றிவிட்டது. பாதி விளைச்சல்கூட இல்லை. அம்மா வீடு வீடாகப் போய்க் கெஞ்சினாள். "எங்க வீட்ல யாரும் படுக்கல மதினி, சும்மா எதுக்கு அளக்கணும்?" என்றார்கள். இன்னொருத்தி, "நோவுக்குன்னு முன்கூட்டியே எடுத்து வச்சா வராத நோவும் வந்துரும்" என்று கதவைச் சாத்தினாள்.

அளக்கிற அன்று நர்ஸம்மா வேனோடு வந்திருந்தார். சாவடியில் சாக்கை விரித்து வைத்திருந்தார்கள். அம்மா முதல் ஆளாய் எங்கள் மரக்காலைக் கொட்டினாள். பின்னால் நாலைந்து வீடு வந்தது, அவ்வளவுதான். மற்றவர்கள் ஓரமாக நின்றார்கள். தெருவுக்குப் பெரிய மனுசர் பேசினார். "வருசா வருசம் குடுக்கோம். இதுனால இந்தத் தெருவுல யாராச்சும் ஒரு உசுரு பொழைச்சுச்சா? தலைவலி மாத்திரைக்கா அம்புட்டுச் சோளமும்?"

நர்ஸம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாருக்கு என்ன நோய் என்று அவருக்குத் தெரியும். அவர் சொல்லக்கூடாது. அம்மா சோளம் கொண்டுவந்த காலி ஓலைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். வாய் திறந்தால் கல்யாணம் போய்விடும், திறக்காவிட்டால் ஊசி போய்விடும். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"எனக்குத் தலைவலி இல்ல. நெஞ்சுல கோளாறு. இந்த வேன்லதான் மாசாமாசம் ஊசி போடுறாங்க. வேன் நின்னா நான் செத்துப்போவேன்."

ஒருத்தி சொன்னால் மற்றவர்களும் சொல்வார்கள் என்று நம்பினேன். எதிர்வீட்டு அத்தையைப் பார்த்தேன். அவர் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டே கேட்டார்.

"அப்ப எங்க சோளம் பூராம் ஒன் ஊசிக்குத்தான் போச்சாக்கும்?"

அவர் மகனின் மாத்திரையும் அந்தச் சாக்குச் சோளத்தால் வருவதுதான். தன் வீட்டுப் பக்கம் யாரும் திரும்பிப் பார்த்துவிடக் கூடாது என்று அதையும் சேர்த்து விட்டுக்கொடுத்தார். அவர் கேட்டதும் கூட்டம் விழித்துக்கொண்டது. கொட்டியவர்களும் திருப்பிக் கேட்டார்கள். நர்ஸம்மா திருப்பி அளந்து கொடுத்தார். எங்கள் சோளமும் பெட்டிக்கு வந்தது. வேன் போய்விட்டது.

சாவடியில் பேசியது எழுமலைக்குப் போக எவ்வளவு நேரம்? தரகர் வந்தார். அம்மாவுக்கு அண்ணன் முறை. ஜாதகம் பொருந்தவில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அம்மா அவருக்குக் காப்பி கொடுத்தாள். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஊசிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஒங்க ஊருப் பக்கம் அந்த ஆஸ்பத்திரி வேன் வருதா?"

"வருதே. என் பொண்டாட்டிகூட வாரா வாரம் போறா" என்றவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவசரமாகச் சொன்னார். "பெருசா ஒண்ணுமில்ல தாயி. சும்மா, தலைவலி."