செருப்பு விட்ட இடம்

பாங்காக் போய்வந்து எட்டு மாதம் ஆகிறது. படங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் "ஜாலியா இருந்துச்சா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவைக்கிறேன். அந்த ஊரில் நான் ஒழுங்காகப் பார்த்தது ஒரே ஒரு படகுத்துறையைத்தான். அதை மூன்று மணி நேரம் பார்த்தேன்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவன் நான். கடைசியில் சூப்பர்வைசர். உலைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே குரல் தடித்துப்போனது. நான் கையைத் தூக்கினால் கிரேன் நிற்கும். அதே தெனாவட்டோடுதான் வீட்டிலும் இருந்தேன். ஓய்வு பெற்றதும் மகள், "ரெண்டு பேரும் எங்கியாவது போய்ட்டு வாங்கப்பா. அம்மா பெரியபாளையத்த உட்டா வேற எங்க போயிருக்கு?" என்று டிக்கெட் போட்டுக் கொடுத்தாள்.

கிளம்பும்போதே எல்லாவற்றையும் என் கையில் எடுத்துக்கொண்டேன். இரண்டு பாஸ்போர்ட்டும் என் இடுப்புப் பையில். அந்த ஊர் சிம் என் போனில் மட்டும். "எனக்கும் ஒண்ணு வாங்கிக்கட்டா?" என்று மனைவி கேட்டாள். "என்கூடதான வரப்போற, உனக்கு எதுக்கு?" என்றேன்.

இரண்டாம் நாள் காலை, படுத்திருக்கும் பெரிய புத்தர் கோயிலுக்குப் போனோம். வாசலில் இருந்த மரத்தட்டில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனோம். அவள் புத்தருக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "கால் பாதமே நம்ம ஊட்டு சொவுரு மாதிரி இருக்குது" என்றாள். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, ஆற்றுக்கு அக்கரையில் தெரிந்த கோபுரத்தைப் பார்ப்பதற்காகப் படகுத்துறைக்கு நடந்தோம். நடந்தோம் என்றால் நான் முன்னால், அவள் பத்தடி பின்னால். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித்தான். எங்கள் பக்கத்து ஆம்பளைகள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நடப்போம். பெண்சாதி வருகிறாளா என்று திரும்பிப் பார்ப்பது என்னவோ வெட்கக்கேடு மாதிரி.

கூட்டத்தோடு படகில் ஏறி, ஓரமாக இடம் பிடித்து, "ஒக்காரு" என்று திரும்பினேன். ஒரு வெள்ளைக்காரர் சிரித்தபடி உட்கார்ந்தார். படகு கரையை விட்டிருந்தது. அவள் துறையில் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். "அங்கியே நில்லு!" என்று மில் குரலில் கத்தினேன். படகில் இருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். இன்ஜின் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது. கையைத் தூக்கினேன். படகு அதுபாட்டுக்குப் போனது.

அக்கரை போய்த் திரும்பி வந்தபோது துறையில் அவள் இல்லை. அடுத்த படகில் என்னைத் தேடிப் போயிருப்பாள் என்று மறுபடி அக்கரை போனேன். அங்கும் இல்லை. திரும்பவும் இக்கரை. இப்படி நாலு நடை. வாய்க்கு வந்தபடி அவளைத் திட்டிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது நடையில் திட்டு நின்றது. அவளிடம் பாஸ்போர்ட் இல்லை, போனில் சிம் இல்லை, தமிழைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது. ஓட்டல் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

துறையில் நின்ற போலீஸ்காரர் நல்ல மனுஷர். நான் தமிழும் ஆங்கிலமுமாகக் குழறியதைக் கேட்டுவிட்டு, தன் போனில் ஒரு கேள்வியை ஆங்கிலத்துக்கு மாற்றிக் காட்டினார். உங்கள் மனைவி என்ன நிற உடை?

எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து கூடவே வந்தவள் என்ன நிறத்தில் புடவை கட்டியிருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். போனைத் திறந்தேன். விமான நிலையத்தில் நான், ஓட்டல் வாசலில் நான், புத்தர் தலைமாட்டில் நான். எல்லாம் அவள் எடுத்தது. போலீஸ்காரர் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து மகள் கூப்பிட்டாள்.

"இன்னாப்பா, சுத்திப் பாத்தீங்களா? அம்மாகிட்ட குடு."

"அம்மா பாத்ரூம் போயிருக்கும்மா."

மகளிடம் கேட்டால் அம்மா போட்டோவை அனுப்பியிருப்பாள். கேட்க வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டு துறைப் படிக்கட்டில் உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

கால் கொதித்தது. செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். அதைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது. கல்யாணம் ஆன வருஷம், ஆடி ஞாயிறு, பெரியபாளையத்தம்மன் கோயில் கூட்டம். அன்றும் நான் முன்னால் போய் அவளைத் தொலைத்தேன். கண்டுபிடித்ததும் நாலு பேர் முன்னால் வைத்துக் கத்தினேன். "இனிமே தொலைஞ்சா, அங்க இங்க சுத்திக்கினு இருக்காத. செருப்பு உட்ட எடத்துல வந்து நில்லு!"

ஓடினேன். அறுபது வயதில் அப்படி ஓடக்கூடாது.

புத்தர் கோயில் வாசலில், அந்த மரத்தட்டை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். பச்சைப் புடவை. வெறுங்கால்.

"இன்னா, இங்கியே நிக்கிற? செருப்பு எங்க?"

"தட்டுல வெச்சிருக்கேன். சும்மா நின்னா தொரத்திடப் போறாங்கன்னு, செருப்ப கழட்டி வெச்சிட்டு, சாமி பாக்க வந்தவ மாதிரி நின்னுக்கினு இருக்கேன்" என்றாள். உதடு வெளிறியிருந்தது. மூன்று மணி நேரமாக ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

"படகாண்ட நின்னா இன்னா? பேஜாரு பண்ணிட்டியே!"

பழக்கதோஷத்தில் அப்போதும் கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை.

"நீ எப்ப திரும்பிப் பாக்குற, எப்ப நான் இல்லன்னு தெரியுதுன்னு எனக்கு எப்டி தெரியும்? அன்னிக்கு நீ சொன்னது இந்த ஒரு எடம்தான். இத உட்டுட்டு எங்க போவேன்?"

குனிந்து, தட்டிலிருந்து அவள் செருப்பைத் தேடினேன். எது அவளுடையது என்றும் தெரியவில்லை. அவள்தான் விரல் நீட்டிக் காட்டினாள். எடுத்து அவள் காலடியில் வைத்தேன்.

"ஐயய்யோ, இன்னா பண்ற நீ? எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். போட்டுக்கினு நீ முன்னால நட."

"எனக்கு இன்னா வழி தெரியும்?"

"எனக்கும் தெரியாது. நட" என்றேன்.